ஏற்பட்டது: ஒரு வெடிவிபத்துச் செய்திக்கு உரை

மூலம்

“விருதுநகர் மாவட்டம் …… அருகே …… கிராமத்தில் …… என்பவருக்குச் சொந்தமான பட்டாசு ஆலை உள்ளது. நாக்பூர் உரிமம் பெற்ற இந்த ஆலையில் பேன்சி ரகப் பட்டாசுகள் தயாரிக்கப்படுகின்றன. நேற்று காலை தொழிலாளர்கள் வழக்கம்போல் பணியில் ஈடுபட்டிருந்தபோது, மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக எதிர்பாராத விதமாக வெடி விபத்து ஏற்பட்டது. இதில் …… அறைகள் தரைமட்டமாயின. …… பெண்கள் உள்பட …… பேர் உடல் சிதறி பலியாகினர். முதற்கட்ட விசாரணையில், விதிமுறைகளை மீறி அதிக ஆட்களை வைத்து வேலை செய்ததும், ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததும் தெரியவந்தது. போர்மேனைப் போலீசார் கைது செய்தனர். தலைமறைவான உரிமையாளரைத் தேடி வருகின்றனர். உயிரிழந்தோர் குடும்பத்துக்குத் தலா ரூ.…… லட்சம் நிவாரணம் அறிவிக்கப்பட்டுள்ளது. இதுகுறித்து போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர்.”

உரை

எந்த ஒரு நாளின் செய்தியையும் இங்கே எடுத்து வைக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் பேப்பர் படித்து வளர்ந்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடக்கூடிய தொடர்களைக் கோத்து எழுதிய மாதிரி இது. ஊரும் பேரும் எண்ணும் வருகிற இடங்களை வெற்றிடமாக விட்டிருக்கிறேன். அடுத்த முறை நிரப்பிக்கொள்ளலாம் என்று சொன்னால் குரூரமாகத் தோன்றும். ஆனால் வருஷா வருஷம் நடப்பது அதுதான்.

பழைய உரையாசிரியர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இந்த இடத்தில் வேறு சொல் வந்திருக்கலாமே, இது ஏன் வந்தது என்று கேட்பார்கள். அதையேதான் இந்தப் பத்து வரியிடமும் கேட்கிறேன். இதில் பொய் வாக்கியம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒவ்வோர் உண்மைக்கும் பொருந்துகிற சொற்கள் நாலைந்து இருக்கும். அவற்றில் எதை எடுத்தார்கள் என்ற இடத்தில் சாய்வு உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு யார் பக்கம் என்று பார்ப்பதுதான் இந்த உரையின் வேலை.

“…… அருகே”

சிவகாசி அருகே, சாத்தூர் அருகே, வெம்பக்கோட்டை அருகே. கிராமத்தின் பெயர் எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும். தலைப்பில் பெரும்பாலும் வராது. சூலக்கரைக்காரர்களான எங்களுக்கு இது பழக்கம். நான்கு வழிச்சாலை ஊரை ஒட்டிப் போனாலும், கலெக்டர் அலுவலகமே எங்கள் பக்கத்தில் இருந்தாலும், பேப்பரில் நாங்கள் ‘விருதுநகர் அருகே’தான். வெளியூர் வாசகருக்கு இடம் தெரிய வேண்டுமே என்பார் நிருபர். நியாயம்தான்.

பட்டாசுச் செய்தியில் மட்டும் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனம் இருக்கிறது. வெடிமருந்து கையாளும் இடம் குடியிருப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஆலைகள் கரிசல் காட்டுக்குள், சிறு கிராமங்களை ஒட்டி இருக்கின்றன. வியாபார அலுவலகமும் அச்சகமும் நகரத்தில். ‘அருகே’ என்பது அந்தப் பாதுகாப்பு இடைவெளிக்கு இன்னொரு பெயர். இடைவெளி நகரத்தைக் காப்பாற்றுகிறது. முதலிப்பட்டி, அச்சங்குளம், காளையார்குறிச்சி, ரெங்கபாளையம், செங்கமலப்பட்டி, சின்னக்காமன்பட்டி என்ற பெயர்களை மதுரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாராவது கேள்விப்பட்டிருந்தால், அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கோடுதான் கேள்விப்பட்டிருப்பார்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் ‘கந்தக பூமி’. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எங்களைப் பற்றிக் கட்டுரை வந்தால் இந்தச் சொல் இல்லாமல் இருக்காது. கேட்க வீறாகத்தான் இருக்கிறது. ஆனால் கந்தகம் எங்கள் மண்ணில் விளைவதில்லை; மூட்டையில் கட்டி லாரியில் வருகிறது. எங்கள் மண்ணில் மழை பெய்தால் பருத்தியும் கம்பும் மல்லியும் விளையும். பெய்யாவிட்டால் ஆட்கள் வேலை தேடிப் போவார்கள். ‘கந்தக பூமி’ என்று சொன்ன மாத்திரத்தில் வெடிப்பது நிலத்தின் குணம் ஆகிவிடுகிறது. பூமியை யார் கைது செய்வது? சிவகாசியை நேரு சொன்னதாகச் சொல்லப்படும் ‘குட்டி ஜப்பான்’ இதற்கு நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்தது. அதில் உழைப்பின் பெருமை மட்டும் இருக்கும், மருந்து அறை இருக்காது.

“சொந்தமான பட்டாசு ஆலை”, “நாக்பூர் உரிமம் பெற்ற”

‘ஆலை’ என்றால் புகைபோக்கியும் சங்கும் இயந்திரமும் மனதில் வரும். இங்கே வேலை பார்க்கிறவர்கள் அதை ஆலை என்று சொல்வதில்லை, ‘ஆபீஸ்’ என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். உள்ளே போனால் வேப்பமர நிழல்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய ஒற்றை அறைகள்தான் வரிசையாக இருக்கும். திரி வைப்பது, மருந்து செலுத்துவது, பேப்பர் ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் கை வேலை. இயந்திரம் வெடித்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெடித்தது ஒருவர் கையில் இருந்த மருந்து.

வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. கையாளும் அளவைப் பொறுத்து உரிமம் தருகிற இடம் மாறும். அதனால் எங்கள் பக்கம் ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்று ஆபீஸ்களுக்கே சாதி பிரித்ததுபோல் சொல்வார்கள். செய்தியில் ‘உரிமம் பெற்ற’ என்பது ஆலைக்கு அடைமொழியாக நிற்கிறது, பட்டப் பெயர் மாதிரி. பெற்றது என்றைக்கோ நடந்தது. அதன் நிபந்தனைகள் நேற்று காலை கடைப்பிடிக்கப்பட்டனவா, கடைசியாக யார் எப்போது வந்து பார்த்தார் என்பதெல்லாம் அந்தப் பெயரெச்சத்துக்குள் கிடையாது.

உரிமம் இல்லாத இடமாக இருந்தால் செய்தியின் குரலே மாறும். ‘சட்டவிரோத’ என்பது தலைப்பிலேயே ஏறும். வீட்டில் கருந்திரி சுற்றியவர் பிடிபட்டால் ‘பதுக்கல்’, ‘பறிமுதல்’ என்று வரும். உரிமம் உள்ள இடத்தில் ‘விபத்து’, இல்லாத இடத்தில் ‘குற்றம்’ என்ற பாகுபாட்டை வாசகர் தன்னை அறியாமலே கற்றுக்கொள்கிறார். பெரிய சாவுகள் பல உரிமம் உள்ள ஆலைகளில் நடந்தவை என்பதை இந்தப் பாகுபாடு மறைக்கிறது.

“பேன்சி ரகப் பட்டாசுகள்”

வாங்குகிறவர் கண்ணால் வைத்த பெயர் இது. வானத்தில் போய்ப் பூவாக விரிவதால் பேன்சி. செய்கிறவருக்கு அது மருந்து. ‘மருந்து’ என்ற சொல்லைக் கொஞ்சம் பின்தொடர்ந்தால் இந்தச் செய்தி முழுவதும் புரியும். ஒரே பொடி, கிட்டங்கியில் இறங்கும்போது ‘மூலப்பொருள்’. தொழிலாளி கையில் ‘மருந்து’. வெடித்தபின் ‘ரசாயனக் கலவை’. குடிசை வீட்டில் போலீஸ் கண்டெடுத்தால் ‘வெடிபொருள்’. பெயர் மாறும்போது பொடி மாறுவதில்லை, வைத்திருப்பவர் யார் என்பதுதான் மாறுகிறது.

2018-ல் இதற்கு இன்னொரு பெயர் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்து, மாசு குறைந்த பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவைகளுக்குத் தமிழில் ‘பசுமைப் பட்டாசு’ என்று பெயர் விழுந்தது. பழைய பட்டாசைவிடச் சுமார் 30 சதவீதம் நுண்துகள் குறைவு என்பதுதான் அந்தப் பசுமையின் அளவு. மீதி 70 பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. பசுமை என்பது வெடிக்கிற தெருவிலுள்ள காற்றுக்கு வைத்த பெயர். அதே பசுமையை இடித்துச் செலுத்துகிற அறையில் அலுமினியப் பொடி அலுமினியப் பொடிதான். டெல்லிப் பத்திரிகைகளில் பட்டாசு என்றால் புகை. எண்பது, தொண்ணூறுகளில் அதே பத்திரிகைகளில் சிவகாசி என்றால் குழந்தைத் தொழிலாளர், 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அந்தப் பின்னணியில். இரண்டும் உண்மை, இரண்டும் அவசியமான எழுத்து. ஆனால் வேலை பார்க்கிற வயதுவந்த பெண்ணின் உயிர் இந்த இரண்டு சொற்களிலும் அடங்கவில்லை.

உள்ளூர்த் தொழில் தரப்பும் இளைத்ததல்ல. ‘நேரடியாகவும் மறைமுகமாகவும் இத்தனை லட்சம் பேர் வாழ்கிறார்கள்’ என்ற வரி தடை பற்றிய எல்லா அறிக்கையிலும் வரும். ‘நேரடியாக’ என்பதை எண்ணலாம். ‘மறைமுகமாக’ என்பதற்கு வேலி கிடையாது. அட்டைப்பெட்டி செய்பவர், லாரி ஓட்டுபவர், ஆபீஸ் வாசலில் வடை போடுபவர் என்று அது போய்க்கொண்டே இருக்கும். தடை வரும்போது இந்த லட்சம் பேர் ‘தொழிலாளர் குடும்பங்கள்’. வெடிக்கும்போது அவர்களே ‘ஆட்கள்’. மூலத்தில் ‘அதிக ஆட்களை வைத்து’ என்று வருவதைக் கவனிக்கவும்.

“வழக்கம்போல்”, “எதிர்பாராத விதமாக”

ஒரே வாக்கியத்தில் இந்த இரண்டும் வருவதுதான் செய்தியின் மையம் என்று நினைக்கிறேன்.

‘வழக்கம்போல் பணியில் ஈடுபட்டிருந்தபோது’ என்பதை வாசிக்கிறவர் நேற்று காலை விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று எடுத்துக்கொள்வார். மூன்று வாக்கியம் தள்ளி, விதிமுறைகளை மீறி அதிக ஆட்களை வைத்து வேலை செய்ததாக அதே செய்தி சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், மீறல்தான் அங்கே வழக்கம் என்று ஆகிறது. செய்தி இதைச் சொல்லிவிட்டது. ஆனால் இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் சாவு எண்ணிக்கையை வைத்துச் சொல்லியிருக்கிறது.

‘எதிர்பாராத விதமாக’ யார் எதிர்பாராதது? வெடிபொருள் சட்டம் 1884-ல் வந்தது. இப்போது நடப்பில் உள்ள விதிகள் 2008-ல் வந்தவை. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம். ஒரு நேரத்தில் இவ்வளவு மருந்துக்கு மேல் கூடாது. பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் கலப்பது 1992-லிருந்தே தடை. இந்த விதிகளைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். கதவு ஏன் வெளியே திறக்க வேண்டும்? என்றாவது ஒருநாள் உள்ளே இருப்பவர்கள் வெளியே பாய வேண்டிவரும் என்று எழுதினவர் எதிர்பார்த்தார். 4 பேர் என்று ஏன் வரம்பு? அறை போனால் அதோடு போகிற உயிர் நாலைத் தாண்டக் கூடாது என்று கணக்குப் போட்டார். வெடிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பையே பத்தி பத்தியாக எழுதி வைத்ததுதான் அந்த விதிப் புத்தகம். விதி எதிர்பார்த்ததை, உரிமம் தந்தவர் எதிர்பார்த்ததை, தினமும் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிற பெண் எதிர்பார்த்ததை, செய்தி மட்டும் எதிர்பாராதது என்கிறது.

“உராய்வு காரணமாக”

இதயம் நின்றதால் இறந்தார் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல இந்தக் காரணம். தவறில்லை, பயனும் இல்லை. மருந்தைச் சலிக்கும்போது, இடிக்கும்போது, குழாயில் செலுத்தும்போது உராய்வு தினமும் இருக்கிறது. நேற்று மட்டும் அது ஏன் நெருப்பானது? முந்தின நாள் மீந்த மருந்தை மறுநாள் காலை எடுத்துக் கையாண்டது என்பது அடிக்கடி வெளிவருகிற காரணம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அந்த மீந்த மருந்துக்கு உராய்வு வேண்டியதுகூட இல்லை. ஏன் மீந்தது? எண்ணிக்கைக் கூலிக்கு வேலை, தீபாவளி ஆர்டர், சாயங்காலம் முடிக்க முடியாத அளவு கலந்தது. யார் அவ்வளவு கலக்கச் சொன்னது? இந்தக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மனிதரிடம் கொண்டுபோய் விடும். ‘உராய்வு’ என்று எழுதினால் இயற்பியலில் நின்றுவிடும்.

“வெடி விபத்து ஏற்பட்டது”

தொல்காப்பியர் ஒரு வழக்கைக் குறித்து வைத்திருக்கிறார்: செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வது. திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, திண்ணை தானே மெழுகிக்கொண்டது போலப் பேசும் பேச்சை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். திண்ணை விஷயத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. மெழுகினவர் வீட்டில்தான் இருக்கிறார். ‘பட்டாசு வெடித்தது’, ‘அறைகள் தரைமட்டமாயின’ என்பவை அதே வகை. ‘விபத்து ஏற்பட்டது’ இன்னும் ஒரு படி மேலே. பட்டாசுகூட அங்கே எழுவாய் இல்லை. விபத்தே வந்து, விபத்தே ஏற்பட்டுவிட்டுப் போய்விட்டது.

மாதிரிச் செய்தியில் இந்த வினை ‘ஏற்பட்ட உராய்வு’ என்று ஒரு தடவை, ‘விபத்து ஏற்பட்டது’ என்று இன்னொரு தடவை வருகிறது. மழை பெய்வதற்கும் பஞ்சம் வருவதற்கும் பொருந்துகிற வினை. எழுதினவர் தன் கருத்தைச் சொன்ன மாதிரியே தெரியாது. அதனால்தான் எல்லோரும் இதை நடுநிலை என்று நம்புகிறோம்.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-ல் ‘விபத்து’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களில் இனி பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தது. பெரும்பாலான காயங்கள் முன்கூட்டியே கணிக்கக்கூடியவை, தடுக்கக்கூடியவை. அந்தச் சொல்லோ தலைவிதி என்ற எண்ணத்தைத் தருகிறது என்பது அவர்கள் வாதம். நம் சட்டமும் இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவில் அது 5 ஆண்டு. சாவு வரும் என்று தெரிந்தே செய்தால் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற வேறு பிரிவு. தண்டனை அதைவிடப் பெரிது. எது பொருந்தும் என்று கோர்ட்டு முடிவுசெய்ய வருஷங்கள் ஆகும். பேப்பர் முதல் நாளே முடிவுசெய்துவிடுகிறது.

அப்படியானால் ‘படுகொலை’ என்று எழுதலாமா? சில துண்டறிக்கைகள் எழுதுகின்றன. எனக்கு அதுவும் உடன்பாடில்லை. குத்தகைக்கு எடுத்தவர், பக்கத்து அறையில் தானும் மருந்து கலந்துகொண்டிருந்த சின்ன மனிதராக இருப்பதுண்டு. இறந்தவர்களில் அவருடைய சொந்தக்காரர்களே இருப்பதும் உண்டு. விசாரிப்பதற்கு முன்பே ‘கொலை’ என்று எழுதுவது ‘ஏற்பட்டது’ என்று எழுதுவதைப் போலவே அவசரத் தீர்ப்பு. ‘வெடித்தது’ என்று மட்டும் எழுதி, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இருக்கலாம் என்ற இரண்டு எண்ணையும் அடுத்த வரியில் வைத்தால் போதும். வாசகர் மக்கு இல்லை.

“…… பெண்கள் உள்பட …… பேர் உடல் சிதறி பலியாகினர்”

முதலில் அறைகள் தரைமட்டமாயின, பிறகுதான் மனிதர்கள். வரிசையைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

‘பெண்கள் உள்பட’ என்ற தொடர், ஆண்கள் வேலை செய்யும் இடத்தில் பெண்களும் அகப்பட்டுக்கொண்டது போல ஒலிக்கிறது. காலையில் எந்த ஆபீஸ் வேன் போனாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் நிலவரம் தெரியும். இறந்த 7 பேரில் 5 பேர் பெண்களாக இருந்தாலும் ‘5 பெண்கள் உள்பட 7 பேர்’ என்றுதான் எழுதுவார்கள். பெரும்பான்மை எப்படி ‘உள்பட’ ஆகும்?

‘பலி’ சின்னச் சொல். தலைப்பில் இடம் அடைக்காது. அதனால் நிலைத்துவிட்டது. கோயில் கிடாவெட்டுக்கும் இதே சொல்தான். அங்கே பலி கொடுப்பவர் உண்டு, வாங்கிக்கொள்ளும் தெய்வம் உண்டு, ஏதோ ஒரு நன்மையை எண்ணிக் கொடுக்கப்படும். ‘பலியாகினர்’ என்று தன்வினையாக்கியதும் கொடுத்தவர் மறைந்துபோகிறார். ‘உடல் சிதறி’, ‘கரிக்கட்டையாகி’ போன்றவை செய்திக்கு எந்தத் தகவலும் சேர்ப்பதில்லை. இறந்தவரின் பிள்ளைகள் மறுநாள் பேப்பர் படிப்பார்கள் என்பதை மறந்தவர் எழுதுகிற சொற்கள். எழுவாயைச் சொல்லக் கூச்சப்படுகிற செய்தி, பிணத்தை வருணிக்க மட்டும் கூச்சப்படுவதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்ல. முதல் வெடிச் சத்தமும் புகையும் கண்டு சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடிவந்தவர்கள். சில செய்திகள் அவர்களை ‘வேடிக்கை பார்க்க வந்தவர்கள்’ என்றன, சில ‘காப்பாற்றப் போனவர்கள்’ என்றன. ஒருவர் ஓடும்போது அவர் மனதில் என்ன இருந்தது என்று எந்த நிருபருக்கும் தெரிய வழியில்லை. ‘ஓடிவந்தவர்கள்’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் சொல் செத்தவரையே குற்றவாளி ஆக்கிவிட்டது. இரண்டாவது சொல்லில் ஒரு வீட்டுக்கு ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

“முதற்கட்ட விசாரணையில் … தெரியவந்தது”

‘தெரியவந்தது’ யாருக்கு? அந்தக் கிராமத்துக்கு முன்பே தெரியும். எந்த ஆபீஸில் எத்தனை பேரை அடைத்து வைத்து வேலை நடக்கிறது, லைசென்ஸ் யார் பேரில், நடத்துவது யார் என்பது டீக்கடையில் பேசப்படும் சமாச்சாரம். ஆய்வுக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியுமா என்பது விசாரிக்க வேண்டிய விஷயம். ‘தெரியவந்தது’ அந்த விசாரணைக்கே இடம் வைக்காமல், எல்லோருக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது என்று மொத்தமாக மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

அச்சங்குளம் இதற்குப் பாடம். 2021 பிப்ரவரி 12-ல் அங்கே 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உள்குத்தகை விவகாரம் அப்போது விரிவாகப் பேசப்பட்டது. உரிமம் ஒருவர் பேரில் இருக்க, அறைகளைப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விடுவதுதான் உள்குத்தகை. எடுத்தவர் கொடுத்த வாடகையை எடுத்தாக வேண்டும், அதனால் அறையில் ஆள் கூடும், மருந்து கூடும். அறைக்கு அறை முதலாளி வேறு என்றால் மொத்த வளாகத்தின் பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பில்லை. மாதிரிச் செய்தி இதை ‘விடப்பட்டிருந்ததும்’ என்று செயப்பாட்டு வினையில், ‘உம்’ போட்டு, வாக்கியத்தின் வாலில் தொங்கவிட்டிருக்கிறது. விட்டவர் யார் என்று கேட்டால் செய்தியின் முதல் வரிக்குப் போக வேண்டும்: ‘…… என்பவருக்குச் சொந்தமான’. அங்கே அவருக்குச் சொத்து இருக்கிறது, வினை இல்லை.

நிருபர் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. சாத்தூரில் நிற்கிற பகுதிநேர நிருபருக்குச் சாயங்காலத்துக்குள் செய்தி போக வேண்டும். கையில் இருப்பது போலீஸ் சொன்னதும் ஆஸ்பத்திரி வாசலில் கேட்டதும்தான். உரிமையாளர் பேரோடு ஒரு வினையைச் சேர்த்தால் நோட்டீஸ் வரும் என்ற பயமும் உண்டு. விளம்பரம் நின்றுபோகும் என்ற பயம் அலுவலகத்துக்கு. ‘ஏற்பட்டது’ எல்லாப் பயத்துக்கும் சேர்த்து ஒரே கவசம்.

போர்மேன் பற்றிய வரிக்கு அதிக உரை வேண்டாம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் ‘கைது’, சொந்தக்காரர் ‘தலைமறைவு’. செய்தி முழுவதிலும் வினை செய்யும் ஆற்றல் போலீசாருக்குத்தான் இருக்கிறது: கைது செய்தனர், தேடி வருகின்றனர், விசாரித்து வருகின்றனர். தொழிலாளர்கள் ‘ஈடுபட்டிருந்தார்கள்’, ‘பலியானார்கள்’.

“நிவாரணம் அறிவிக்கப்பட்டுள்ளது”

புயலுக்கும் வெள்ளத்துக்கும் கொடுப்பது நிவாரணம். கொடுப்பவர் கருணையால் கொடுக்கிறார், பெறுபவர் கையேந்துகிறார். இழப்பீடு வேறு. அதில் ஒருவருக்குக் கடன், இன்னொருவருக்கு உரிமை. வேலையில் செத்தால் முதலாளி தர வேண்டிய இழப்பீட்டை, செத்தவரின் கூலியையும் வயதையும் வைத்துக் கணக்கிடும் சட்டம் 1923-லேயே இந்தியாவில் வந்துவிட்டது. எண்ணிக்கைக் கூலிக்குப் போனவரின் கூலியை எந்தக் காகிதத்தில் காட்டுவது என்பது அந்த வீட்டுக்காரர் படுகிற பாடு. அச்சங்குளத்துக்கு முதலில் அறிவிக்கப்பட்டது மாநில அரசின் 3 லட்சம், பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம். பசுமைத் தீர்ப்பாயம் பிறகு இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் என்று இழப்பீடு விதித்தது. முதல் தொகை வந்த அன்று எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கம். ‘நிவாரணம்’ என்ற சொல்லோடு பழகிப்போன குடும்பத்துக்கு, தனக்கு வர வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது என்பதையே யாராவது வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

“விசாரித்து வருகின்றனர்”

கலெக்டர் அலுவலக வாசலில் மறியல், தீக்குளிப்பு முயற்சி என்று எது நடந்தாலும் ‘சூலக்கரை போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்று செய்தி முடியும். எங்கள் ஊர்ப் பெயர் மாநிலம் முழுக்க அச்சில் ஏறுவதே இந்த வாக்கியத்தால்தான். அதனால் இதன் இலக்கணம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். நிகழ்காலத்தில் தொடங்கி நிகழ்காலத்திலேயே நிற்கும் வினை இது. ‘விசாரித்தனர்’ என்ற இறந்தகாலம் அதற்கு வாய்ப்பது அபூர்வம். வாய்த்தாலும் அது உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக, ‘பட்டாசு ஆலை வழக்கு ஒத்திவைப்பு’ என்று வரும்.

அடுத்த வெடிப்பு நடக்கும்போது பழையவை எல்லாம் ஒரு கட்டத்துக்குள் திரும்பி வருகின்றன. ‘இதுவரை நடந்த விபத்துகள்’ என்று தலைப்புப் போட்டு, 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம், 2023 ரெங்கபாளையம் என்று வரிசை. ஆண்டு, ஊர், இறந்தவர் எண்ணிக்கை என மூன்று பத்தி. வழக்கு என்ன ஆனது என்று நான்காவது பத்தி போட்ட கட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இடம் இல்லாமல் இருக்காது. அந்தக் கட்டத்துக்குக் கீழே பாதிப் பக்கத்துக்கு தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் வந்த நாளும் உண்டு.